படையலில் வைத்த பில்டர்

முத்துராணியின் காரில் புதிதாக ஏறுகிறவர்கள் முதலில் முன்கண்ணாடிக்குக் கீழே ஒட்டியிருக்கிற சங்கிலிபூதத்தார் படத்தைப் பார்ப்பார்கள். பிறகு ஸ்டியரிங்கைப் பிடித்திருக்கிற கையைப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுப் பேசாமல் உட்கார்ந்துகொள்வார்கள். வீரவநல்லூருக்குத் தெற்கே, கால்வாய்க் கரையை ஒட்டிய அந்த ஊரில் வாடகைக் கார் ஓட்டுகிற பொம்பளை அவள் ஒருத்திதான்.

அவள் பிறந்தது மாஞ்சோலை எஸ்டேட்டில். அப்பாவும் அம்மாவும் தேயிலை பறித்தவர்கள். அங்கே பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைதான் இருந்தது, அவளும் அதுவரை படித்தாள். பத்தொன்பது வயதில் மலையை விட்டு இறங்கி, காவல் தெய்வத்தின் பெயரையே பெயராகக் கொண்ட சங்கிலிபூதத்தானுக்கு வாழ்க்கைப்பட்டாள். இருபது வருஷம் மடியில் முறத்தை வைத்துப் பீடி சுற்றினாள். அவன் வண்டி ஓட்டினான். முதலில் பிறத்தியார் வண்டி, அப்புறம் சொந்தமாக ஒரு சின்னக் கார், அதுவும் இரண்டு கை மாறி வந்தது. ஒரே மகள் கலைச்செல்வியைக் கூடங்குளத்தில் கட்டிக்கொடுத்தார்கள்.

ஒரு கோடையில் குளம் வற்றி வெடித்துக் கிடந்தபோது அவன் அவளைக் காரில் ஏற்றிக் குளத்துக்குள்ளேயே கொண்டுபோனான். "இடிக்கதுக்கு இங்கன ஒண்ணுமே இல்ல. நீ பாட்டுக்கு ஓட்டு" என்றான். பதினைந்து நாள் குளத்தைச் சுற்றிச் சுற்றி வந்தாள். ஊர்ப் பெண்கள் கரையில் நின்று சிரித்தார்கள். மறு வருஷம் மழை பொய்த்தபோது, "இவ கார் ஓட்டுனதைப் பாத்துட்டுத்தான் மழை பயந்துபோய் வரமாட்டேங்குது" என்றார்கள். அவள் லைசென்ஸ் வாங்கியதை ஊரில் யாரிடமும் சொல்லவில்லை. அஞ்சறைப் பெட்டிக்கு அடியில் வைத்திருந்தாள்.

போன ஐப்பசியில் அவன் தூத்துக்குடிக்குப் பார்சல் இறக்கிவிட்டு வந்தவன், நெஞ்சைக் கரிக்கிறது என்று சொல்லிப் படுத்தான். சுக்குத் தண்ணீர் போட்டு எடுத்து வருவதற்குள் எல்லாம் முடிந்துபோயிற்று. ஆண்டவன் கணக்கு, நாம் என்ன சொல்ல.

பதினாறு கழிந்த பிறகும் கார் வேப்பமரத்தடியிலேயே நின்றது. கண்ணாடி தெரியாத அளவுக்குச் சருகு விழுந்து கிடந்தது. அப்போதுதான் ஆவுடைநாயகம் பிள்ளை வந்தார். மின்வாரியத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவருடைய மனைவி சண்முகசுந்தரி டீச்சருக்கு இரண்டு சிறுநீரகமும் பழுது. வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் திருநெல்வேலிக்குப் போய் நாலு மணி நேரம் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டு வரவேண்டும். ஒரு தவணை தப்பினால் கால் வீங்கிவிடும், மூச்சு முட்டும். உயிர் போகவும் கூடும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

"ஏம்மா ராணி, மூணு டிரைவர் பாத்துட்டேன். எல்லாவனும் பறக்கான். அவ குலுங்குனா தாங்கமாட்டா. பைய ஓட்டுத ஆளு வேணும்" என்றார் பிள்ளை.

"நான் ஓட்டுவேன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"உன் வீட்டுக்காரந்தான். எங்க வீட்டுக்காரி என்னைவிட நல்லா ஓட்டுவா, சொன்னா ஒத்துக்கமாட்டான்னு சொல்லியிருக்கான்."

அவள் உள்ளே போய் அஞ்சறைப் பெட்டியை எடுத்தாள். அழுதுவிட்டுத்தான் வெளியே வந்தாள். அந்தச் செவ்வாய்க்கிழமை தொடங்கி ஒரு தவணைகூடத் தப்பவில்லை. புறப்படும்போது படத்துக்கு ஒரு செவ்வரளிப்பூ. ஏறி உட்கார்ந்ததும் நெற்றியில் திருநீறு. வேண்டுதல் ஒன்றே ஒன்றுதான்: வழியில் வண்டி நிற்கக் கூடாது.

ஒரு வருஷம் திரும்பிற்று. முதல் வருஷப் படையலுக்குச் சங்கிலிபூதத்தானின் அக்காள் அன்னத்தாய் முந்தின நாளே வந்துவிட்டாள். பெரிய உடம்பு, பெரிய குரல், தம்பி என்றால் உயிர். அவர்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. செத்தவர் ஆசைப்பட்டு, அனுபவிக்காமல் விட்டுப்போன பொருள் ஏதாவது இருந்தால் அதையும் படையலில் வைப்பார்கள். வைத்த பொருளைப் பெட்டியில் பூட்டக் கூடாது. வீட்டிலுள்ள யாராவது எடுத்து அனுபவிக்க வேண்டும். வேட்டியென்றால் உடுத்த வேண்டும், பாத்திரமென்றால் அதில் சமைக்க வேண்டும். பூட்டி வைத்தால் செத்தவர் அதைச் சுற்றிச் சுற்றி வருவார் என்பது நம்பிக்கை.

அன்னத்தாய் தம்பியின் சாமான் பையைத் துழாவினாள். ஸ்பேனர்களுக்கு அடியில் பிரிக்காத அட்டைப் பெட்டி ஒன்று இருந்தது.

"இது என்னட்டீ?"

முத்துராணி வாங்கிப் பார்த்தாள். ஆயில் பில்டர். எஞ்சினில் ஓடுகிற ஆயிலின் அழுக்கைப் பிடித்து வைத்துக்கொள்கிற டப்பா. ஆனால் அவர்கள் காரில் இருப்பது ஒரு டம்ளர் உயரம்தான். இது சொம்பு உயரம் இருந்தது. ஜீப்புக்கு உள்ளது. அவன் இதைப் பற்றிச் சொன்னது அவளுக்கு நினைவு வந்தது. பெரிய பில்டர் போட்டால் ஆயில் அரை டம்ளர் கூடப் பிடிக்கும், சூடு தணியும், பழைய எஞ்சின் இன்னும் நாலு வருஷம் உழைக்கும் என்று சொல்லிக்கொண்டே இருந்தான். அடுத்த ஆயில் மாற்றும்போது மாட்டவேண்டும் என்று வாங்கி வைத்தவன், அந்த அடுத்த முறைக்கு இல்லை.

"ஆசைப்பட்டு வாங்குனதுல்லா" என்று அன்னத்தாய் அதை மஞ்சள் தண்ணீர் தெளித்துத் துடைத்தாள். ஆமவடைக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் பக்கத்தில், கோடி வேட்டியின் மேல், பில்டர் உட்கார்ந்தது. நெற்றியில் பூசுவதுபோல அதற்கும் மூன்று விரலால் திருநீறு பூசினார்கள்.

முத்துராணிக்கு அப்போது அது தப்பாகத் தெரியவில்லை. அவன் விட்ட வேலையை முடித்துவைக்கிற மாதிரி இருந்தது.

மூன்றாம் நாள் பத்தமடைக்குப் போனாள். அங்கே பட்டறை வைத்திருக்கிற அசன் மைதீன், சங்கிலிபூதத்தானோடு ஒரே பட்டறையில் தொழில் படித்தவர். பெட்டியைத் திறந்தவர், திருநீற்றைப் பார்த்தார்.

"என்கிட்ட கேட்டுட்டுத்தான் வாங்குனான். மரை ஒண்ணுதான், வாயும் ஒண்ணுதான். மாட்டுனா பொருந்தும். ஆனா நீளத்தைப் பாத்தியா? அடியில ஆயில் தொட்டியைத் தாண்டி ரெண்டு விரக்கடை கீழ தொங்கும் தங்கச்சி."

"தொங்கட்டுமே அண்ணே."

"தொங்கட்டும்னு லேசா சொல்லுத. இது தகரம். ஒரு கல்லு குத்துனா நாலு நிமிசத்துல உள்ள ஆயில் முழுக்க ரோட்டுல. அதோட ஓட்டுனா எஞ்சின் பிடிச்சு நின்னுரும். அது மட்டுமில்ல, உள்ள இருக்க வால்வு ஜீப்புக்கு உள்ளது. நம்ம எஞ்சினுக்குச் சரியா வருமான்னு எனக்கும் நிச்சயமாத் தெரியாது. கம்பெனிக்காரன் சின்னதா வச்சிருக்கான்னா அவன் ஒண்ணும் கேணையன் இல்ல."

"படையல்ல வச்சாச்சு அண்ணே. மாட்டாம வச்சிருக்க முடியாது."

அசன் மைதீன் துணியில் கையைத் துடைத்தார். துடைத்த கையையே திரும்பத் துடைத்தார். "அவன் வாங்குன சாமான். நான் வேண்டாம்னா உனக்கு மனசு ஆறாது. மாட்டுதேன். ஆனா ஒண்ணு கேட்டுக்க. மேடு கண்டா பைய ஏறு. ஆயில் விளக்கு சிவப்பா எரிஞ்சா அங்கனயே அமத்திரு. பத்தடிகூடப் போவப்படாது."

மாட்டினார். எஞ்சின் சத்தம் எப்போதும்போலத்தான் இருந்தது. அவளுக்கு மட்டும், அவன் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற மாதிரி ஒரு தைரியம்.

ஊரை விட்டு வெளியேற ஒரே பாதை கால்வாய்க்கரைப் பாதை. அதில் ஒரு மதகுப் பாலம், மாட்டு முதுகு மாதிரி நடுவில் தூக்கிக்கொண்டு நிற்கும். செவ்வாய்க்கிழமை அவள் காரைச் சாய்வாகத் திருப்பி, ஒவ்வொரு சக்கரமாக ஏற்றி இறக்கினாள். ஒன்றும் ஆகவில்லை. படத்தைப் பார்த்துக் கும்பிட்டுக்கொண்டாள்.

வெள்ளிக்கிழமை டீச்சருக்கு நடக்க முடியவில்லை. சக்கர நாற்காலியை மடக்கி டிக்கியில் வைத்தார்கள். பிள்ளை பின்னால் டீச்சரின் தலையைத் தோளில் தாங்கி உட்கார்ந்தார். பாலத்தில் ஏறும்போது எதிரே வைக்கோல் ஏற்றிய டிராக்டர் வந்துவிட்டது. சாய்வாகத் திருப்ப இடமில்லை. நேராகத்தான் ஏற வேண்டியிருந்தது.

உச்சியில் கீழே கர்ரென்று ஒரு உரசல். அவள் காலடியிலேயே, பல்லைக் கடிக்கிற மாதிரி.

இறக்கத்தில் நிறுத்தி இறங்கினாள். ரோட்டில் படுத்துத் தலையை உள்ளே விட்டுப் பார்த்தாள். பில்டரின் அடியில் பெயின்ட் போய், வெள்ளைத் தகரம் விரல் நீளத்துக்குத் தெரிந்தது. பூசியிருந்த திருநீறு இன்னும் பக்கவாட்டில் ஒட்டிக்கொண்டிருந்தது. விரலால் தடவினாள். ஈரம் இல்லை.

"என்னம்மா?" என்றார் பிள்ளை.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி. போவலாம்."

முப்பது கிலோமீட்டர். சேரன்மகாதேவி, பத்தமடை, முன்னீர்பள்ளம். வலதுபக்கம் நெல் பச்சையாகக் கிடந்தது, அவள் ஒன்றையும் பார்க்கவில்லை. பார்த்ததெல்லாம் ஸ்டியரிங்குக்குப் பின்னால் அந்தச் சிவப்பு விளக்கு எரிகிற இடத்தைத்தான். பத்தமடையில் பட்டறை பூட்டியிருந்தது. வெள்ளிக்கிழமைத் தொழுகை நேரம். விளக்கு எரியவில்லை. ஆனால் எரிந்தால் என்ன செய்வாள்? நடுரோட்டில் டீச்சரை எதில் ஏற்றுவாள்? அப்பனே, கூட வந்துரு, கூட வந்துரு என்று வாய் முணுமுணுத்தது. சாமியைச் சொல்கிறாளா புருஷனைச் சொல்கிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை. இரண்டு பேருக்கும் பெயர் ஒன்றுதானே.

ஆஸ்பத்திரி வாசலில் டீச்சரை இறக்கி நாற்காலியில் உட்காரவைத்தபோது டீச்சர் அவள் கையைப் பிடித்தாள். "உன் கை ஏன் இப்படிக் குளுந்து கெடக்கு? எனக்குத்தான் நோவு, நீ ஏம்ட்டீ விறைச்சுப் போற?"

முத்துராணி சொல்லிவிட்டாள். பில்டரையும் படையலையும் சேர்த்துச் சொன்னாள்.

டீச்சர் கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். "எனக்காக அவன் சாமானைக் கழத்தாத. நான் பஸ்ல போய்க்கிடுதேன்" என்றாள். பேசுவதற்கே அவளுக்கு மூச்சு வாங்கியது. பஸ்ஸில் ஏறுகிறாளாம்.

அந்த நாலு மணி நேரமும் முத்துராணி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்கவில்லை. கழற்றினால் செத்தவனின் ஆசையைத் தள்ளின பாவம். கழற்றாவிட்டால் இருக்கிறவளின் உயிரைத் தகரத்தில் கட்டித் தொங்கவிட்ட பாவம். எந்தப் பாவத்தைக் கொண்டுபோய் அவன் முன்னால் நிற்பது?

அன்னத்தாய் இன்னும் ஊருக்குத் திரும்பவில்லை. இரவு வீடு திரும்பியதும் முத்துராணி மெதுவாகச் சொன்னாள்: "மயினி, அந்தப் பில்டரைக் கழத்திரலாம்னு பாக்குதேன்."

அன்னத்தாய் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏன், அவன் வாங்குனது ஆகாதோ?"

"உரசுது மயினி."

"உரசுதுன்னு ஒனக்கு யாரு சொன்னா? அந்த மைதீனா? இருக்கும்போதே ரெண்டு பேருக்கும் எந்த நேரமும் தர்க்கம். படையல்ல வச்சதை வேண்டாம்னு சொல்லுதது, வச்சவனையே வேண்டாம்னு சொல்லுத மாதிரி. ஒரு வருசத்துல சலிச்சுப் போச்சா ஒனக்கு?"

அந்தச் சொல் முத்துராணியைச் சுட்டது. பதில் சொன்னால் சண்டை வளரும் என்று எழுந்து வாசலுக்கு வந்துவிட்டாள். வீட்டுக் கதவின் மேல் அவள் பார்வை நின்றது. அந்தக் கதவு போட்ட புதிதில் நிலையில் உரசிக்கொண்டே இருந்தது. எங்கே உரசுகிறது என்று ஆளுக்கு ஒரு இடத்தைச் சொன்னார்கள். கடைசியில் ஆசாரி செங்கல் பொடியைக் குழைத்து நிலையில் பூசி, கதவை ஒருதரம் சாத்தித் திறந்தார். உரசின இடம் தானாகத் தெரிந்தது. யாரும் யாரையும் குறை சொல்லவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலை அசன் மைதீனை வரச்சொன்னாள். பிள்ளையும் நாற்காலியோடு வந்தார். கால்வாயில் இறங்கி ஒரு கைப்பிடி களிமண் எடுத்தாள். கல் இல்லாமல் பிசைந்தாள். பிள்ளையார் பிடிக்கிற பதத்துக்கு வந்ததும், வண்டிக்கு அடியில் படுத்து, பில்டரின் அடியில் கட்டைவிரல் கனத்துக்கு அப்பினாள்.

"இது என்ன கூத்து?" என்றாள் அன்னத்தாய்.

"நான் சொல்ல வேண்டாம், மைதீன் அண்ணன் சொல்ல வேண்டாம். மண்ணு சொல்லட்டும் மயினி."

முதலில் முத்துராணி தனியாக, நேராகப் பாலத்தில் ஏறி இறங்கி, திரும்பி வந்தாள். அசன் மைதீன் படுத்துப் பார்த்தார். அன்னத்தாயும் முழங்காலைப் பிடித்துக்கொண்டு குனிந்து பார்த்தாள். மண் வைத்தபடி இருந்தது. அவள் விரல் ரேகைகூட அழியவில்லை.

"பாத்தியா" என்றாள் அன்னத்தாய். "என் தம்பிக்குத் தெரியாத வண்டியா?"

முத்துராணிக்கும் மனசு ஒரு கணம் லேசாயிற்று. ஆனாலும் சொன்னாள்: "இப்ப எல்லாரும் ஏறுங்க. அண்ணாச்சி, நாற்காலியை டிக்கியில வைங்க. மயினி, நீங்க டீச்சர் இருக்க இடத்துல இருங்க."

"நான் ஒருத்தி ஏறுனா ரெண்டு டீச்சர் கணக்குல்லா வரும்" என்றாள் அன்னத்தாய்.

"அதுக்குத்தான் நான் ஏறலை" என்றார் அசன் மைதீன். "நான் கீழ நின்னு பாக்குதேன். கூடக் கனம் ஏத்திட்டேன்னு என்மேல பழி வரப்படாது."

பிள்ளை சிரித்துவிட்டு, அன்னத்தாயின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

முத்துராணி படத்தைக் கும்பிட்டாள். வண்டியைப் பைய எடுத்தாள். முன்சக்கரம் ஏறியது. உச்சியில் வந்ததும் அதே உரசல். மண் நசுங்குகிற சத்தம் முதலில், அதன்பின் தகரத்தின் சத்தம். அன்னத்தாய் காலை மேலே இழுத்துக்கொண்டாள், தன் காலில் பட்டதுபோல.

எல்லாரும் இறங்கினார்கள். அசன் மைதீன் அடியில் இருந்து எடுத்த மண்ணை உள்ளங்கையில் நீட்டினார். தோசைபோலத் தட்டையாகி இருந்தது. நடுவில் ஒரு கருங்கல் துணுக்கு பதிந்திருந்தது.

அன்னத்தாய் அதை வாங்கிக்கொண்டாள். கல் துணுக்கை நகத்தால் கெல்லி எடுத்தாள். பிறகு அவளுடைய பெரிய குரல் இல்லாமல், வேறு குரலில் சொன்னாள்:

"அவன் ஒத்தையிலதானே ஓட்டுனான்."

"ஆமா மயினி."

"நாலுவழி ரோட்டுல, மூணு பார்சல் பெட்டியோட. அவன் சோலிக்கு அது சரி. அவன் தப்பா ஒண்ணும் வாங்கலை."

"தப்பா வாங்கலை மயினி. நான் அப்படிச் சொல்லவே இல்ல."

"ஒஞ்சோலி வேறல்லா." அன்னத்தாய் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். மண் பட்ட கை, கன்னத்தில் கோடு விழுந்தது. "மண்ணு அழியாத தரம் நீ தனியா இருந்த. உரசும்போது டீச்சர் இருக்க இடத்துல நான் இருந்தேன். அன்னைக்கு நான் சொன்னதை மனசுல வைக்காத ராணி."

முத்துராணி கேட்கவேண்டியதைக் கேட்டாள். "படையல்ல வச்ச சாமானாச்சே மயினி. பூட்டி வைக்கப்படாதே."

"யாரு பூட்டி வைக்கச் சொன்னா? கோடி வேட்டியை ஒருநாள் உடுத்திட்டா அனுபவிச்ச கணக்குதான். பொறவு துவைச்சு மடிச்சுப் பெட்டியில வைக்கமா இல்லையா? அது ஒன் வண்டியில ரெண்டு தரம் டவுனுக்குப் போய் வந்திருக்கு. உடுத்தியாச்சு. கழத்து."

அசன் மைதீன் அங்கேயே பாலத்தடியில் கழற்றினார். கம்பெனி அளவுச் சின்னப் பில்டரை அவர் வரும்போதே பையில் கொண்டுவந்திருந்தார். புதிதைக் கையில் எடுத்தவர், வண்டிக்கு அடியில் போகாமல் நின்றார். "திருநீறு இருக்கா தங்கச்சி?" என்றார். முத்துராணி படத்தடியில் இருந்து ஒரு துளி எடுத்து வந்து அதற்கும் பூசினாள். அவர் பிஸ்மில்லா சொல்லி மாட்டினார்.

பெரிய பில்டரை வேப்பமரத்தடியில் ஒரு டப்பாவின்மேல் கவிழ்த்து வைத்தார்கள். உள்ளே இருந்த ஆயில் சொட்டுச் சொட்டாக வடிந்து முடிய ஒரு பகல் ஆயிற்று. அன்னத்தாய் அதை மண்ணெண்ணெய் விட்டுக் கழுவினாள், கீறலைப் பெருவிரலால் தடவிப் பார்த்தாள், கோடி வேட்டியில் சுற்றி ஊருக்கு எடுத்துப்போனாள். தம்பியின் பொருள் ஒன்று தன் வீட்டில் இருக்கட்டும் என்றாள்.

செவ்வாய்க்கிழமை. செவ்வரளிப்பூ, திருநீறு. டீச்சர் பின்னால், பிள்ளை பக்கத்தில், நாற்காலி டிக்கியில். பாலத்துக்கு முன்னால் முத்துராணியின் கால் தானாகப் பிரேக்கில் போயிற்று. நேராகவே ஏற்றினாள். உச்சியில் காதைக் கீழே கொடுத்துக் கேட்டாள். கால்வாய்த் தண்ணீர் மதகில் விழுகிற சத்தம் மட்டும் கேட்டது.

கண்ணை மூடிச் சாய்ந்திருந்த டீச்சர், "பாலம் வந்துட்டாட்டீ?" என்றாள்.

"தாண்டியாச்சு டீச்சர்" என்றாள் முத்துராணி.